சாட்சிக் கூண்டுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழித்துறை, பத்மநாபபுரம், இரணியல், நாகர்கோவில் என்று நம் குமரி மாவட்டத்து நீதிமன்ற வராந்தாக்களில் சட்டத் தன்னார்வலராக உட்கார்ந்திருந்த நாட்களில் என்னிடம் வந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். ஒரு கையில் சம்மன், இன்னொரு கையில் பிள்ளை. ஒரே சந்தேகத்தை வாரத்துக்கு நான்கு பேர் கேட்கிறார்கள், அதுவும் சாட்சி சொல்லவேண்டிய அன்று காலையில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே யார் கண்ணிலாவது படட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியமும் நடப்பில் இருக்கின்றன. பிரிவு எண்கள் மாறிவிட்டன. மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை வக்கீல் "164 வாக்குமூலம்" என்று பழக்கத்தில் சொன்னால், புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 183.

எக்கா, "எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சி"ன்னு ஒரு பேப்பர்ல போட்டிருக்கு. அது யாரு? எனக்க பிள்ளை அதுல வருமா?

18 வயது நிறையாத எந்தப் பிள்ளையும் வரும். பிள்ளைகள் மட்டுமல்ல. 2022 ஜனவரி 11 அன்று ஸ்மிருதி துக்காராம் படாடே வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லுக்கு விரிந்த பொருள் கொடுத்தது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் ஆணோ பெண்ணோ, எந்த வயதோ, அவர் வருவார். மனநோய் உள்ளவர், பேச்சுக் குறையோ செவிக் குறையோ உள்ளவர், வேறு எந்த மாற்றுத்திறனாளியும் வருவார். மிரட்டலுக்கு ஆளான சாட்சி வருவார். இவை எதிலும் சேராவிட்டாலும் நீதிமன்றம் தேவை என்று கருதுகிற எவரும் வரலாம். இந்தக் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. மகன் வெட்டப்பட்டதை வாசலில் நின்று பார்த்த எழுபது வயது அம்மாவுக்கும் அந்த வரியை வைத்துக் கேட்கலாம்.

அதே உத்தரவில், இப்படிப்பட்டவர்களின் சாட்சியத்தைப் பதிவு செய்ய மாவட்டத்துக்கு ஒரு தனி மையமாவது வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. சாட்சிக்கு வேறு வாசல், தனிக் காத்திருப்பு அறை, கேமரா வழியாக நீதிமன்ற அறையோடு இணைப்பு என்பது அதன் அமைப்பு. நாட்டில் இப்படி முதலாவது 2012ல் டெல்லி கர்கர்டூமா நீதிமன்றத்தில் வந்தது. கிரிமினல் வழக்குக்கு மட்டும் என்றில்லை, சிவில், குடும்ப நீதிமன்ற வழக்குகளுக்கும், குற்றம் சாட்டப்பட்ட சிறார்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழும விசாரணைக்கும் இதைப் பயன்படுத்தலாம்.

எட்டு வயசுப் பிள்ளை சொன்னா கோர்ட்டு ஏத்துக்குமா? சத்தியம் செய்யக்கூட தெரியாதுல்லா?

ஏற்கும். சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. கேள்வி புரிகிறதா, புரிந்து பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான் அளவுகோல். அதைத் தெரிந்துகொள்ள நீதிபதி முதலில் பெயர், பள்ளி, வகுப்பு டீச்சர், பொய் சொன்னால் என்ன ஆகும் என்று சில கேள்விகள் கேட்பார். 12 வயதுக்குக் கீழே இருந்து, உண்மை சொல்லவேண்டும் என்பது புரிந்து, சத்தியப் பிரமாணம் என்றால் என்னவென்று புரியாவிட்டால் பிரமாணம் இல்லாமலே சாட்சியம் எடுக்கலாம். 2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், தன் அம்மா கொல்லப்பட்டதைப் பற்றி ஏழு வயதுப் பெண்பிள்ளை சொன்ன சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று, உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலையை ரத்து செய்தது.

நீதிமன்றம் கூர்ந்து பார்ப்பது பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்பதைத்தான். அதனால் வீட்டில் உட்கார வைத்து ஒப்பிக்கச் செய்யாதீர்கள். "அம்மா இப்படிச் சொல்லச் சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை பிள்ளை வாயில் வந்தால், அது கண்ணால் கண்ட உண்மையும் சந்தேகத்துக்குள் போய்விடும். "நடந்ததைச் சொல்லு, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு" என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

ஸ்டேஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வரச் சொல்லுறாவ. போவணுமா?

போகவேண்டியதில்லை. பெண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயில் இருப்பவர்களையும் அவர்கள் இருக்கிற இடத்துக்கு வந்துதான் போலீஸ் விசாரிக்கவேண்டும். போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் சட்டம்) வழக்கில் இன்னும் கூடுதல்: பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் எஸ்.ஐ. ஒருவர், யூனிஃபார்ம் இல்லாமல் எழுதவேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவு ஸ்டேஷனில் வைக்கக்கூடாது.

அவனுக்க முகத்தைப் பாத்துகிட்டுத்தான் சொல்லணுமா? நெனச்சாலே பயமாட்டு இருக்கு.

வேண்டாம். போக்சோ சட்டத்தின் 36வது பிரிவு, சாட்சி சொல்லும் நேரத்தில் பிள்ளை எதிரியின் கண்ணில் படாதபடி நீதிமன்றம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று கட்டாயமாகச் சொல்கிறது. (கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு "எதிரி" என்று பெயர். அந்தச் சொல்லையும் பிள்ளைக்கு முன்னரே சொல்லி வையுங்கள், திடீரென்று கேட்டால் மிரளும்.) வீடியோ இணைப்பு, ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி, திரை, இவற்றில் ஏதாவது ஒன்று. திரை போடலாம் என்பது 2004ல் சாக்ஷி அமைப்பு தொடுத்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் வன்முறை அல்லாத வழக்கிலும் இதைக் கேட்கலாம்.

திரை என்றால் எப்படிப்பட்ட திரை என்று போய்ப் பாருங்கள். ஒரு நீதிமன்றத்தில் பச்சைத் துணி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். துணி தரையைத் தொடவில்லை, ஒரு முழம் மேலே நின்றது. பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்திவிட்டாள். கேட்டால் பதில் இல்லை, பார்வை கீழேயே இருந்தது. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் நீல வார்ச் செருப்பு போட்ட இரண்டு கால்கள். செருப்பை அவளுக்குத் தெரியும். நீதிபதி உடனே பத்து நிமிடம் ஒத்திவைத்து, ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அந்த இடைவெளியை மறைக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் அவள் குரல் பழையபடி வரவில்லை. முதல் நாளே யாராவது எட்டு வயதுப் பிள்ளையின் உயரத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

திரை போட்டா அவன் வக்கீலு கேள்வி கேக்க மாட்டாரா? அப்போ அந்தச் சாட்சி செல்லுமா?

கேட்பார், சாட்சியமும் முழுதாகச் செல்லும். தன்மேல் சொல்லப்படுவதைக் கேட்கவும், தன் வக்கீலிடம் கலந்துபேசவும், வக்கீல் மூலம் குறுக்கு விசாரணை செய்யவும் எதிரிக்கு உரிமை உண்டு. அந்த உரிமை நிற்கவேண்டும், நிற்பதுதான் நமக்கும் நல்லது. குறுக்கு விசாரணை முறையாக நடக்காத சாட்சியத்தை வைத்துக் கொடுக்கப்படும் தண்டனை மேல்முறையீட்டில் ஆட்டம் காணும். எதிரிக்குக் காது கேட்கும், அவன் முகம் உங்கள் பிள்ளைக்குத் தெரியாது. ஏற்பாடு அவ்வளவுதான்.

போக்சோ வழக்கில் இரு தரப்பு வக்கீலும் பிள்ளையிடம் நேராகக் கேட்கக்கூடாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்கவேண்டும், நீதிபதிதான் பிள்ளையிடம் கேட்பார். ஆளை அடையாளம் காட்டவேண்டிய நேரத்துக்கு மட்டும் வீடியோ திரையிலோ கண்ணாடி வழியாகவோ காட்டி முடிக்கலாம். அதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

அசிங்கமாட்டு கேப்பாங்கன்னு எல்லாரும் சொல்லுறாவ. என்ன செய்ய?

இந்தப் பயத்தில் எத்தனை பேர் சம்மனையே மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பாலியல் வன்முறை வழக்கில் பெண்ணின் நடத்தையைப் பற்றியோ முன்பு யாரோடு பழகினாள் என்பதைப் பற்றியோ கேள்வி கேட்க அனுமதி இல்லை. அவமானப்படுத்தவோ எரிச்சலூட்டவோ கேட்கப்படும் கேள்வியை நீதிபதி தடுத்தே ஆகவேண்டும். போக்சோவில் பிள்ளையை அதட்டிக் கேட்பதும் குணத்தைப் பழிப்பதும் தடை.

நடைமுறையில் செய்யவேண்டியது: கேள்வி புரியாவிட்டால் "புரியல, வேற மாதிரி கேளுங்க" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லலாம். ஒரே கேள்வியில் இரண்டு விஷயம் இருந்தால் "ஒவ்வொண்ணா கேளுங்க" என்று சொல்லலாம். தண்ணீர் கேட்கலாம், ஒண்ணுக்குப் போகக் கேட்கலாம், களைத்தால் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லலாம். அழுதால் தப்பில்லை. பிள்ளைகளுக்கு அடிக்கடி இடைவேளை கொடுக்கவேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

ஊர்க்காரங்க எல்லாம் வந்து உக்காந்திருப்பாவளே?

பாலியல் வன்முறை, போக்சோ வழக்குகளில் கதவு சாத்தப்படும். நீதிபதி, ஊழியர்கள், இரு தரப்பு வக்கீல்கள், எதிரி, பிள்ளைக்கு நம்பிக்கையானவர், இவர்களைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். வேறு வழக்கு என்றால் தனியாக மனு போட்டுக் கேட்கவேண்டும்.

நான் கூடவே நிக்கலாமா? கையைப் பிடிச்சுகிட்டு?

நிற்கலாம். பெற்றோர், சொந்தக்காரர், சிநேகிதி, டீச்சர், பிள்ளை யாரை நம்புகிறதோ அவர். குழந்தைகள் நலக் குழு ஒரு ஆதரவாளரை நியமித்திருந்தால் அவரும் இருக்கலாம். ஆனால் தலையாட்டவோ, கண் காட்டவோ, வாயசைக்கவோ கூடாது. பிள்ளைக்குப் பின்பக்கமாக, தோளில் கை வைத்து உட்காருவது நல்லது. பிள்ளை பதிலுக்காக உங்கள் முகத்தைத் தேடினால் எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டும்.

நீங்களும் அதே வழக்கில் சாட்சி என்றால் பிரச்சினை வரும். ஒருவர் சொல்வதை இன்னொரு சாட்சி கேட்டுக்கொண்டிருக்கக்கூடாது. அப்படியானால் உங்கள் சாட்சியத்தை முதலில் முடித்துக்கொள்ள அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள், இல்லையென்றால் பாட்டியையோ சித்தியையோ கூட்டிவாருங்கள். பிள்ளை கையில் பழகின ஒரு பொருள் இருக்கட்டும். பொம்மைதான் வேண்டும் என்றில்லை. ஒரு பையன் பேனா மூடியைத் திருகித் திருகியே அரை மணிநேரம் பேசி முடித்தான்.

உள்ள திரை இருக்கு, செரி. வராந்தாவில என்ன செய்ய? பஸ்ஸில என்ன செய்ய?

இதைக் கேட்ட அம்மாவுக்கு நான் அன்றைக்கு நல்ல பதில் சொல்லவில்லை. அதன் பிறகுதான் யோசித்தேன். சாட்சி சொல்வது ஒரு மணி நேரம். காத்திருக்கும் நேரம் காலை பத்திலிருந்து சாயங்காலம் வரை. அதே வராந்தா, அதே பெஞ்சு, அதே டீக்கடை, பெண்களுக்கு ஒரே கழிப்பறை. ஜாமீனில் இருக்கும் எதிரியும் அவன் வீட்டாரும் அங்கேதான் இருப்பார்கள். ஒரே ஊர் என்றால் மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு ஒரே பஸ். ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: எதிரியின் அம்மா தக்கலையில் சீட்டு காலியானதும் இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் இவள் முகத்து வியர்வையைத் துடைத்து, "மக்களே, ஒண்ணும் சொல்லாண்டாம், அவன் உனக்கு அண்ணனில்லியா" என்றாராம். அதட்டலே இல்லை. நாகர்கோவில் இறங்கும்போது அந்தப் பெண்ணுக்குப் பேச்சே வரவில்லை.

அதனால் மூன்று காரியம். வருகிற நேரத்தைப் பிரித்துக் கேளுங்கள், சாட்சியை அழைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு மட்டும் வந்தால் போதும் என்று அனுமதி வாங்கலாம். காத்திருக்கத் தனி அறை கேளுங்கள், தனி மையத்தின் காத்திருப்பு அறை அதற்காகத்தான் இருக்கிறது. வழியில் துணைக்குப் போலீஸ் கேளுங்கள், வழக்கை நடத்தும் ஸ்டேஷனின் கோர்ட் போலீஸ்காரரிடம் முதல் நாளே சொன்னால் ஏற்பாடு செய்ய முடியும். பஸ்ஸில் நடந்ததைப் போல நடந்தால், சாட்சி சொல்வதற்கு முன்பே அரசு வழக்கறிஞரிடம் சொல்லி நீதிபதியின் காதுக்குக் கொண்டுபோங்கள். அன்பாகச் சொன்னாலும் அது சாட்சியைக் கலைப்பதுதான்.

இதெல்லாம் அவியளே செய்து தருவாங்களா, நாம கேக்கணுமா?

கேட்கவேண்டும். இந்தப் பக்கம் முழுவதிலும் எனக்கு இதுதான் முக்கியம். சட்டத்தில் எழுதியிருப்பதால் தானாக நடக்கும் என்று நம்பி வந்தவர்கள் சாட்சிக் கூண்டில் எதிரிக்கு நாலடி தூரத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனையோ வழக்குகள் அழைக்கப்படுகின்றன. உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்பது யாராவது எழுதிக் கொடுத்தால்தான் நீதிபதிக்குத் தெரியும்.

சம்மன் கையில் கிடைத்த அன்றே அரசு வழக்கறிஞரைப் பாருங்கள். மனு நீளமாக இருக்கவேண்டாம். வழக்கு எண், நீங்கள் எத்தனையாவது சாட்சி, வயது, பிறகு என்ன வேண்டும் என்பது: "எதிரியை நேரில் பார்க்காமல் தனி மையத்தில் இருந்து வீடியோ இணைப்பில் சாட்சியம் சொல்ல அனுமதிக்கவேண்டும். என் சித்தி உடனிருக்க அனுமதிக்கவேண்டும். காத்திருக்கத் தனி அறை வேண்டும். சாட்சியம் எடுக்கும் நாளுக்கு முன்னால் அந்த அறையை ஒருமுறை பார்க்க அனுமதிக்கவேண்டும்." ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரிக் காரணம். டாக்டர் சீட்டோ மாற்றுத்திறனாளி அட்டையோ இருந்தால் நகல் இணையுங்கள். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வெறும் நாற்காலிகள் கிடக்கிற அறையை ஒருதரம் பார்த்துவிட்ட பிள்ளை மறுநாள் வேறு பிள்ளையாக வருகிறது.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று நிற்கவேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழுக்கள். தொலைபேசியில் 15100.

எனக்க தங்கச்சிக்குப் பேச்சு வராது, காதும் கேக்காது. அவ எப்படிச் சாட்சி சொல்லுவா?

சைகையாலோ எழுதியோ சொல்லலாம், அது வாயால் சொன்ன சாட்சியம் போலவேதான். சைகை மொழி பெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ நீதிமன்றம் வைக்கவேண்டும், வீடியோவிலும் பதிவு செய்யவேண்டும். வீட்டுச் சைகை மட்டுமே தெரிந்தவர் என்றால் அதை மனுவில் சொல்லுங்கள், முறையான சைகை மொழி தெரிந்தவர் வந்தாலும் அது புரியாமல் போகலாம். மாற்றுத்திறனாளி மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த 183 வாக்குமூலத்தையே முதல் விசாரணையாக (அரசு வழக்கறிஞர் கேட்டு வாங்கும் சாட்சியமாக) எடுத்துக்கொள்ள முடியும், பிறகு குறுக்கு விசாரணை மட்டும்தான். ஒரே கொடுமையை இரண்டு தரம் சொல்லவேண்டாம்.

மாற்றுத்திறனாளியின் சாட்சி எடை குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆந்திராவில் பார்வையில்லாத பெண் ஒருவர் தன்னை வன்கொடுமை செய்தவனைக் குரலை வைத்து அடையாளம் சொன்னார். பட்டான் ஜமால் வலி என்ற அந்த வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர் சாட்சியத்தை முழுதாக ஏற்றது.

எங்க வீட்டுல மலையாளந்தான். கோர்ட்டுத் தமிழு புரியாது.

மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். விளவங்கோடு பக்கம் இது புதிதே அல்ல.

தமிழ் பேசுகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. நம் பேச்சு வெளிமாவட்டத்தில் இருந்து வரும் அதிகாரிக்குப் புரியாது. ஒரு சிறுமி "விளையில வச்சு" என்று சொன்னாள். நமக்கு விளை என்றால் தென்னையும் மரச்சீனியும் நிற்கிற தோட்டம். எதிரில் இருந்தவருக்கு அது ஊர்ப் பெயராகப் பட்டது. எந்த விளை, எந்த விளை என்று மூன்றுதரம் கேட்டதும் பிள்ளை தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று வாயை மூடிக்கொண்டாள். பிள்ளை வீட்டில் பயன்படுத்தும் சொற்களை, உடல் உறுப்புகளுக்குச் சொல்லும் பெயர்கள் உட்பட, அரசு வழக்கறிஞருக்கு முன்பே சொல்லிவையுங்கள். பதிவிலும் பிள்ளை சொன்ன சொல்லே வரவேண்டும்.

ராத்திரி வந்து வீட்டு ஓட்டுல கல்லெறியுறாவ. கோர்ட்டுக்கு வந்தா பாத்துக்கலாம்ங்கிறாவ.

சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 232வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. முதலில் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

அதோடு சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018ன் கீழ் விண்ணப்பியுங்கள். மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்கும் நடைமுறைப்படுத்திய திட்டம் அது. மாநில அரசுகள் இப்படியொரு திட்டம் வகுக்கவேண்டும் என்பது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலேயே, 398வது பிரிவாக, வந்துவிட்டது. விண்ணப்பத்தை முடிவு செய்ய மாவட்டத்தில் ஒரு குழு உண்டு: மாவட்ட நீதிபதி தலைவர், மாவட்டக் காவல்துறைத் தலைவர் உறுப்பினர், மாவட்ட அரசு வழக்கு நடத்தும் பிரிவின் தலைவர் உறுப்பினர் செயலர். விண்ணப்பத்தை இந்தச் செயலர் வழியாகக் கொடுக்கவேண்டும். தக்கலை, குளச்சல் என்று உங்கள் உட்கோட்டம் எதுவோ அதன் டி.எஸ்.பி.யிடம் மிரட்டல் பற்றிய அறிக்கை கேட்பார்கள், அது ஐந்து வேலை நாட்களுக்குள் வரவேண்டும். அறிக்கை வந்த பிறகு ஐந்து வேலை நாட்களுக்குள் முடிவு. அவசரம் என்றால் அதற்கு முன்பே இடைக்காலப் பாதுகாப்புக் கொடுக்கலாம்.

உயிருக்கு ஆபத்து, உடைமைக்கோ பெயருக்கோ ஆபத்து, தொந்தரவு என்று மூன்று நிலை வைத்து அதற்கேற்ற ஏற்பாடு செய்வார்கள்: வீட்டுப் பக்கம் ரோந்து, கேமரா, போன் நம்பர் மாற்றம், கோர்ட்டுக்கு வாகனம், தேவைப்பட்டால் கொஞ்ச நாள் வேறு இடம். ஒருதரம் கொடுத்தால் மூன்று மாதம் வரை, பிறகு நீட்டிக்கக் கேட்கலாம். விண்ணப்பத்தில் "மிரட்டுறாங்க" என்று மட்டும் எழுதாமல் தேதி, நேரம், யார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். உடைந்த ஓட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் அதன் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் இன்னும் கூடுதலான உரிமைகளைக் கொடுக்கிறது.

ஊர்க் கமிட்டியில பேசி முடிச்சிருவோம்னு சொல்லுறாவ. கேக்கலன்னா ஊர்ல இருக்க முடியாது.

கடற்கரையிலும் சரி, உள்நாட்டிலும் சரி, இந்தப் பேச்சு வரும். பேசுகிறவர்கள் சிலர் நல்ல எண்ணத்தோடும் பேசலாம். ஆனால் பாலியல் வன்முறை, போக்சோ வழக்குகளை ஊரில் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினாலும் வழக்கு நின்றுபோகாது, உங்கள் பிள்ளை மட்டும் கூண்டில் மாறிச் சொல்லவேண்டிய கட்டாயத்தில் மாட்டும். ஊர்விலக்கு என்று மிரட்டினால் மேலே கல்லெறிந்ததற்குச் சொன்ன இரண்டு வழியும் இதற்கும் பொருந்தும்.

எத்தனை தடவை அலைய விடுவாங்க? ஒருநாள் சொல்லியாச்சு, மிச்சம் அடுத்த வாய்தான்னு சொல்லுறாவ.

முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் கூடுமானவரை ஒரே நாளில் முடியவேண்டும். பஞ்சாப் வழக்கு ஒன்றில் ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையை ஒரு வருடம் எட்டு மாதம் தள்ளிப்போட்டார்கள், அதற்குள் அந்த ஆள் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியாகிவிட்டார். வினோத் குமார் வழக்கு என்பார்கள். 2015ல் உச்ச நீதிமன்றம் இப்படித் தள்ளிப்போடுவதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த இடைவெளியில்தான் மேலே சொன்ன பஸ் பயணமும் கமிட்டிப் பேச்சும் நடக்கின்றன.

போக்சோவில் பிள்ளையைத் திரும்பத் திரும்ப அழைக்கக்கூடாது. வழக்கை நீதிமன்றம் ஏற்ற 30 நாட்களுக்குள் பிள்ளையின் சாட்சியத்தை எடுக்கவேண்டும், தாமதமானால் காரணம் எழுதவேண்டும். வாய்தா கேட்கும்போது, "பிள்ளைக்குப் பரீட்சை, இன்றைக்கே முடித்துத் தாருங்கள்" என்று அரசு வழக்கறிஞர் மூலம் சொல்லச் சொல்லுங்கள். வந்து போகிற செலவுக்கான படியையும் அன்றே கேளுங்கள்.

எனக்க வீட்டுக்காரரு தான் கண்ணால கண்ட சாட்சி. அவரு கடலுக்குப் போயாச்சு, வர ஒரு மாசம் ஆவும்.

தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் எல்லாம் கேட்பது. சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள், சொல்லாமலும் இருக்காதீர்கள், பிடிவாரண்ட் வந்துவிடும். திரும்பும் உத்தேசத் தேதியை எழுதிக் கொடுத்து வேறு நாள் கேளுங்கள். வளைகுடாவில் வேலையில் இருப்பவர் என்றால், அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் இருந்து வீடியோ வழியாகச் சாட்சி சொல்ல மனு போடலாம்.

போலீஸ்ல சொன்னதும் கோர்ட்டுல சொன்னதும் கொஞ்சம் மாறிப்போச்சு. பொய் சாட்சின்னு பிடிச்சிருவாங்களா?

நாள், மணி, சட்டை நிறம் போன்றவை மாறுவது எல்லா மனிதருக்கும் நடப்பது. சிறிய முரண்பாட்டால் சாட்சியம் விழாது. அடிப்படையான சம்பவத்தையே மாற்றினால்தான் அரசுத் தரப்பு பிறழ் சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்யும். அப்போதும் சாட்சியத்தில் நம்பக்கூடிய பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். போக்சோவில் தவறான தகவல் சொன்னதற்காகப் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. பயந்து மாறிச் சொல்லிவிட்டால் அதை உடனே அரசு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள், சாட்சியைத் திரும்ப அழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

வாட்ஸ்ஆப் குரூப்புல பிள்ளை பேரும் போட்டோவும் சுத்துது.

குற்றம். பெயர், படம், வீட்டு முகவரி, பள்ளி, அப்பா அம்மா பெயர் எதுவும் வெளியே வரக்கூடாது. பரிதாபப்பட்டுப் பகிர்ந்தாலும் குற்றம்தான். போன் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். பதறி நீங்களே விளக்கம் எழுதிப் பிள்ளை பெயரை மறுபடி போட்டுவிடாதீர்கள்.

சம்பவம் நடக்கும்போ எனக்குப் பதினாலு. இப்போ பத்தொம்பது. இனி எனக்கு இதொண்ணும் கிடைக்காதா?

கிடைக்கும். முதல் பதிலைத் திரும்பப் பாருங்கள்: பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு வயது வரம்பு இல்லை. வழக்கு தாமதமானது உங்கள் குற்றமும் அல்ல. திரை, தனி அறை, உடனிருக்க ஒருவர் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். "வயசு ஆயிட்டே, தைரியமா சொல்லு" என்று யாராவது சொன்னால், 2022 தீர்ப்பின் பெயரை மனுவில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவனை விட்டுட்டா எனக்க மோளு பொய் சொன்னதாட்டு ஆயிருமா?

ஆகாது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தால், குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று அர்த்தம். பிள்ளை பொய் சொன்னாள் என்பது வேறு, அதைத் தனியாக நிரூபிக்கவேண்டும். விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பாதிக்கப்பட்டவருக்கே உரிமை உண்டு. நமக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. எதிரி விடுதலையானாலும், பிள்ளைக்குப் பாதிப்பு ஏற்பட்டது என்று போக்சோ நீதிமன்றம் கருதினால் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்க 2020 விதிகளில் இடமிருக்கிறது.

இதைக் கேட்ட அம்மா தீர்ப்புக்கு முந்தின நாள் கேட்டார். தீர்ப்பு எதுவானாலும் அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிட்டு, அந்தக் காகிதத்தோடு சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். பிள்ளையைத் தீர்ப்பு நாளில் கூட்டிவர வேண்டாம் என்றும் சொன்னேன். அன்று அவள் பள்ளிக்கூடம் போனாள்.